சாய்தளப் படத்தில் என் செருப்பு

போன மாதம் ஒரு பயிற்சி வகுப்பு. கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் சரியாக இருக்கின்றனவா என்று சோதிப்பது இப்போது என் பிழைப்பு. டெல்லியிலிருந்து வந்திருந்தவர் ‘முன்மாதிரி அலுவலகம்’ என்று திரையில் ஒரு படத்தைப் போட்டார். சாய்தளத்தில் சக்கர நாற்காலி ஏறுகிறது. அதில் ஒரு பெண். தனியுரிமை என்று முகத்தை மங்கலாக்கிவிட்டார்கள். பாதங்கள் இரண்டும் நம்மைப் பார்த்துத் தூக்கி நிற்கின்றன. இடது செருப்பின் குதி வெளிப்பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் மட்டும் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். அது என் செருப்பு.

தாம்பரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் ஒப்பந்த ஊழியராக இருந்தேன். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். தபால் பிரிவில் டைப்பிஸ்ட் அக்கா இருந்தார். பம்மலில் வீடு. சின்ன வயதில் வந்த போலியோ. ஒரு காலில் காலிப்பர் என்கிற இரும்புத் தாங்கி, இரு கைகளிலும் ஊன்றுகட்டை. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வருவார். அவரைப் போலச் சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. எந்தக் கைப்பிடிக் கம்பியையும் நாலு தடவை ஆட்டிப் பார்க்காமல் அதில் சாய மாட்டார். “பேங்க்ல ஒரு வாட்டி கம்பி கையோட வந்துட்சும்மா. நான் கீழ, கம்பி என் மேல” என்பார். டீ வாங்கிக் கொடுத்தால்கூட, “இன்னா மேட்டர்? சும்மா வாங்கித் தர்ற ஆளா நீ?” என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பார். அதிகாரி எதை வாய்வார்த்தையாகச் சொன்னாலும் அக்காவிடம் ஒரே பதில்தான். “அத்த எழுத்துல குடுங்க சார்.” நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

அந்த வருடம் தபால் பிரிவை மாடிக்கு மாற்றினார்கள். லிஃப்ட் கிடையாது. இருபத்திரண்டு படி. அக்கா ஒவ்வொரு படியாகக் கட்டையை ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் தோளில் வாங்கி ஏறுவார். இப்படியே ஏறினால் தோள் போய்விடும், தோள் போனால் கட்டையும் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கீழே ஓர் இருக்கை கொடுங்கள் என்று அக்கா மனு எழுதினார். வேறொன்றும் கேட்கவில்லை, ஒரு மேசை, ஒரு நாற்காலி.

அதே சமயம்தான் டெல்லியிலிருந்து படிவம் வந்தது. சட்டம் வந்துவிட்டது, எல்லா அரசுக் கட்டடமும் மாற்றுத்திறனாளிகளுக்குத் தடையற்றதாக வேண்டும், விவரத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். எங்களுக்கு வந்த பக்கத்தில் ‘சாய்தளம் உண்டா’ என்று ஒரு கட்டம், பயன்பாட்டில் உள்ளபடி ஒரு படம், அவ்வளவுதான். வாசல் இரண்டடி உயரம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் இருபத்து நாலு அடிச் சாய்தளம் வேண்டும். எட்டு அடியில் முடித்தார்கள். அதிகாரியின் ஜீப் நிற்க இடம் வேண்டுமே. பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலி ஒன்று இரவல் வந்தது. அதிகாரி அக்காவை உட்காரச் சொன்னார். அக்கா சாய்தளத்தையும் பார்த்தார், நாற்காலியையும் பார்த்தார்.

“நான் கட்டையில நடக்கறவ சார். இத்துல குந்தவெச்சு போட்டோ புடிச்சா, நாளைக்கு நான் இன்னா கேட்டாலும் அந்தப் போட்டோவத்தான் தூக்கிக் காட்டுவீங்க. நான் வரல.”

மறுநாள் அக்காவுக்கு ஆஸ்பத்திரி, விடுப்பு. அதற்காகவே காத்திருந்தது போல அதிகாரி என்னைக் கூப்பிட்டார். “நீ உக்காரும்மா, ஒரு நிமிஷம்தானே.” உட்கார்ந்தேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு பேர் மூச்சு வாங்க என்னைத் தள்ளினார்கள். ஏற்றம் அதிகம் என்பதால் நாற்காலி பின்பக்கம் சாய்ந்து என் கால்கள் மேலே தூக்கிக்கொண்டன. சாய்வு சரியாக இருந்திருந்தால் என் செருப்பின் அடிப்பக்கம் படத்தில் விழுந்தே இருக்காது.

மூன்று வாரத்தில் அக்காவின் மனுவுக்குப் பதில் வந்தது. இக்கட்டடம் தடையற்றது எனச் சான்று பெற்றுள்ளதால் இருக்கை மாற்றம் தேவையில்லை என்று தெரிவிக்கப்படுகிறது. இணைப்பு, முகம் மங்கலாக்கிய புகைப்படம் ஒன்று. அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துப் பார்த்தார்.

“இந்தப் பொம்பள நல்லா நடக்கறவளாச்சே. குதி இன்னாமா தேஞ்சு கீது பாரு” என்றார். பிறகு மேசைக்குக் கீழே குனிந்து என் காலைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“ரெண்டே வரி எழுதிக் குடு. படத்துல கீறது நான்தான், எனக்கு நடக்க வரும்னு. நான் மேல அனுப்பிக்கறேன்.”

ஒப்பந்தம் புதுப்பிக்க இரண்டு வாரம் இருந்தது. “பாக்கலாம்க்கா” என்றேன்.

“பாக்கலாமா? செரி. நீயும் கவர்மெண்டு ஆயிட்டே” என்றார்.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அக்கா இன்னும் ஏழு மாதம் அந்தப் படிகளை ஏறினார். வலது தோள் விட்டுப்போனதும் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தார். வழியனுப்பு விழாவை மாடி ஹாலில்தான் வைத்தார்கள். நாலு பேர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அதையும் ஒருவர் படம் எடுத்தார். நான் மாலை வாங்கப் போகிற சாக்கில் வெளியே ஓடிவிட்டேன்.

இப்போது நான் எதையும் நம்புவதில்லை. கைப்பிடியை ஆட்டிப் பார்க்கிறேன். கழிப்பறைக் கதவில் சக்கர நாற்காலிப் படம் ஒட்டியிருந்தால், உள்ளே துடைப்பமும் பழைய ஃபைலும் இருக்கும் என்றே திறக்கிறேன். பெரும்பாலும் இருக்கிறது. பார்வையற்றவர்களுக்காகத் தரையில் பதித்த மஞ்சள் ஓட்டின் மேல் கண்ணை மூடி நடந்து மின்கம்பத்தில் முட்டியிருக்கிறேன். பில்டர்கள் என்னை ‘பேஜார் மேடம்’ என்கிறார்கள். நல்ல அறிக்கை என்று யாராவது பாராட்டினால், இந்தக் கறார் எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தை மறைக்கத்தானோ என்று என் மேலேயே சந்தேகம் வருகிறது.

அன்று வகுப்பில் டெல்லிக்காரர் கேட்டார், யாருக்காவது சந்தேகம் உண்டா என்று. படம் திரையில் அப்படியே நின்றது. சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிற நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது முறையும் உட்கார்ந்தேதான் இருந்தேன்.

நேரில் போய்ச் சொன்னால் அக்கா நம்ப மாட்டார். நம்பவும் வேண்டாம். இந்தத் தாளின் நகல் ஒன்று பம்மலுக்கும் ஒன்று டெல்லிக்கும் போகிறது. எழுத்தில் கொடுக்கிறேன், அக்கா. படத்தில் இருப்பது நான். எனக்கு நடக்க வரும்.