மருதாணிக் கையும் நண்டுதின்னியும்

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மத்தியானம், தி. நகரில் எங்கள் வீட்டு ஹாலில், இரண்டு கைகளிலும் முழங்கை வரை மருதாணியோடு உட்கார்ந்திருந்தேன். "காயற வரைக்கும் எதையும் தொடக் கூடாதுக்கா" என்று சொல்லிவிட்டு, போட்டுவிட்ட பெண் கிளம்பிப் போயிருந்தாள். மூக்கு அரித்தால்கூட அம்மாவைக் கூப்பிட வேண்டும்.

அப்போதுதான் டீப்பாய் மேல் கிடந்த போன் மினுங்கியது. பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு. குனிந்து மூக்கு நுனியால் திரையைத் தள்ளிப் படித்தேன். அடையாறு முகத்துவாரத்தில், உடைந்த பாலத்துக்கு அந்தப் பக்கம், மணல் திட்டில் ஒரு நண்டுதின்னி நிற்கிறதாம்.

குளிர்காலத்தில் இராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரைக்கு வரும் பறவை அது. நண்டு பிடித்துத் தின்பதால் அந்தப் பெயர். அதற்காகவே இரண்டு முறை தனுஷ்கோடி வரை ரயிலேறிப் போய், வெயிலில் கறுத்து, வெறும் கையோடு திரும்பியிருக்கிறேன். அது சென்னைக்கு வந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வந்தது, என் கையில் மருதாணி காயும் நாளாகப் பார்த்து வந்திருக்கிறது.

"அம்மா, அடையாறு வரைக்கும் போயிட்டு வந்துடறேனே."

"கல்யாணப் பொண்ணு வாசல் தாண்டக் கூடாது. குருவிய அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"அடுத்த வாரம் அது இருக்காதும்மா. இது அது வர்ற ஊரே இல்ல."

"அப்ப வழி தவறி வந்திருக்கும். அதுக்கு நீ என்ன பண்ணப் போற?"

எதிர் சோபாவில் காபி குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார். எனக்கு மாமியாராகப் போகிறவர். கோடம்பாக்கத்தில் டப்பிங் பேசுகிறவர். சினிமாவில் எத்தனையோ அம்மாக்கள் அவர் குரலில்தான் அழுதிருக்கிறார்கள். தையற்காரரிடமிருந்து என் ரவிக்கையை வாங்கிக் கொடுக்க வந்திருந்தார். நிச்சயம் ஆகி மாதக்கணக்காகியும், அவரை ஆன்ட்டி என்பதா அத்தை என்பதா என்று தெரியாமல், எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசிச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

"நான் கூட்டிட்டுப் போறேன் சம்பந்தி. போன உடனே வந்துடறோம்" என்றார்.

சம்பந்தியே சொன்ன பிறகு அம்மா போய் என் பைனாகுலரை எடுத்துவந்தாள்.

காரில் எனக்கு சீட் பெல்ட்டை மாட்டிவிட்டு, பைனாகுலரை என் கழுத்தில் போட்டுவிட்டு, அவரே ஓட்டினார். இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்தபடி நான் பிடிபட்ட திருடன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். நந்தனம் சிக்னலில் பக்கத்தில் நின்ற பைக்காரர் குனிந்து குனிந்து பார்த்தார்.

"உங்களுக்குச் சிரமம்..." என்று இழுத்தேன்.

"ஒரு சிரமமும் இல்ல. உங்க பெரியப்பா வந்து பக்கத்துல உக்காந்து, தன்னோட ஆபரேஷன் கதைய மறுபடி ஆரம்பிச்சிட்டார். எப்படிடா எந்திரிக்கிறதுன்னு பாத்துட்டிருந்தேன்" என்றார்.

முகத்துவாரத்தில் தண்ணீர் வடிந்து சேறு பளபளத்தது. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் என் கையைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாம்மா, கல்யாணப் பொண்ணா? உட்டுட்டு ஓடியாந்துட்டியா?"

"மாமியாரோடதான் ஓடியாந்திருக்கா" என்றார் இவர். அவர் குரலில் தண்ணீரோரம் நின்ற கொக்குகள் எல்லாம் ஒரேயடியாக எழும்பிப் பறந்தன.

"கொஞ்சம் மெதுவா..." என்று கெஞ்சினேன்.

"மெதுவாத்தான் பேசறேன்" என்று ரகசியமாகச் சொன்னார். அந்த ரகசியம் தியேட்டரின் கடைசி வரிசை வரை கேட்டிருக்கும்.

கையில்லாமல் பைனாகுலர் பார்ப்பது எப்படி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அவர் என் பின்னால் நின்று அதை என் கண்ணில் வைத்துப் பிடித்தார். என்னைவிடக் குள்ளம் என்பதால் எனக்கு வானம்தான் தெரிந்தது. குதிகாலை உயர்த்தினார், இப்போது சேறு. தெளிவாகத் தெரிய நடுச் சக்கரத்தைத் திருகச் சொன்னால் எதிர்ப்பக்கமாகத் திருகினார். எல்லாம் பால் மாதிரி கலங்கியது.

"இரு, நானே பாக்கறேன்" என்று தன் கண்ணில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பினார். பிறகு, "வெள்ளையா ஒண்ணு நிக்குது. முதுகுல கறுப்புச் சால்வ போட்டிருக்கு. மூக்கு இருக்கு பாரு, மூக்கு, எங்க டப்பிங் டைரக்டர் மாதிரி! அய்யோ, நண்டப் புடிச்சிடுச்சு!"

அதேதான். நான் ஊர் ஊராகத் தேடியது. அதை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன்.

"அத்தை! குடுங்க அத்தை! பறந்துடப் போகுது!"

கத்தியது நான்தான். வலைக்காரர்கூடத் திரும்பினார். அத்தை சட்டென்று பைனாகுலரை என் கண்ணுக்கு மாற்றினார். "கீழ அத்தை, கொஞ்சம் இடது, அவ்ளோதான், அசையாதீங்க." கிடைத்தது. நீண்ட சாம்பல் கால்களில் நாலடி ஓடி நின்றது. தடித்த கறுப்பு அலகில் ஒரு நண்டு உதறிக்கொண்டிருந்தது. தலையை ஆட்டி அதன் காலைப் பிய்த்துப் போட்டது, விழுங்கியது. தான் எங்கே வந்திருக்கிறோம் என்ற கவலை அதற்குத் துளிகூட இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதையும் அத்தைதான் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

திரும்பும் வழியில் பெசன்ட் நகரில் காரை நிறுத்தி மிளகாய் பஜ்ஜி வாங்கினார். ஊதி ஊதி எனக்கு ஊட்டினார். வலது உள்ளங்கையில் கொஞ்சம் மருதாணி எப்போதோ ஈஷிப் போயிருந்தது. அதைப் பார்த்து அம்மா போட்ட சத்தத்தை அத்தை பக்கத்திலேயே நின்று தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தவர்களுக்கு அது கிடைக்கவில்லையாம். மண்டபத்தில் அத்தை வந்தவர்களிடமெல்லாம் அதே பேச்சு. "எப்பவும் இராமநாதபுரம் பக்கம்தான். இந்தத் தடவ நம்ம கல்யாணத்துக்குன்னே வந்துட்டுப் போயிருக்கு."

மாலையும் கழுத்துமாக நான் நின்றிருந்தபோது, வாசலில் வருகிறவர்களைக் கவனித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டு மாமா ஒருவர் பதறியபடி மேடையேறினார்.

"யாரும்மா அது, இராமநாதபுரத்துலேர்ந்து வந்தவங்க? சாப்பிடாமயே கிளம்பிட்டாங்களா?"