கரைநண்டு போட்ட பந்து

எனக்கு எண்பது வயசு ஆகுது. ஆறு பேரை வளர்த்தேன். நாலு நான் பெத்தது, ரெண்டு என் செத்துப்போன தங்கச்சி பெத்தது. ஒருத்தரையும் பட்டினி போட்டதில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஆனா நானே எழுதுறேன். இந்தச் சங்கதியை வேற யார் சொன்னாலும் என் சின்ன மகனைப் பெரிய வீரன்னு சொல்லுவாங்க, இல்லேன்னா கல்மனசுக்காரன்னு சொல்லுவாங்க. அவன் ரெண்டுமில்லை.

நாங்க நொச்சிக்குப்பம். தொண்ணூறுகள்ல ஒரு ஐப்பசி மாசம். மழை விட்டும் வானம் வெளுக்கலை. மூத்தவன் விடியறதுக்கு முந்தியே கட்டுமரத்தைத் தள்ள எழுந்தான். கூடப் போற பங்காளிக்கு ஜுரம். அதனால தம்பியைக் கூப்பிட்டான். தம்பி சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினான். "சரி, தூங்குடா நைனா, நான் பாத்துக்கறேன்"னு சொல்லிட்டுத் தனியாப் போனான். ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

சின்னவன் முன்னே ஒரு தரம் கட்டுமரம் கவுந்து, ராவெல்லாம் கடல்ல கிடந்தவன். அதுலேருந்து முழங்காலுக்கு மேல தண்ணி ஏறினா அவனுக்கு உடம்பு ஆடும். அடையாத்து முகத்துவாரத்துல கால் நிலைக்கிற எடத்துல நின்னு வீச்சுவலை வீசுவான். மத்த நேரம் தி.நகர் மார்க்கெட்டுக்கு மீன்பாடி வண்டி மிதிப்பான். குப்பத்துல அவனுக்குக் கரைநண்டுன்னு பேர் வெச்சுட்டாங்க.

காலையில கரை ஏற வேண்டிய மூத்தவன் உச்சிப்பொழுதுக்கும் வரலை. கடல் எண்ணெய் ஊத்தி வெச்ச மாதிரி கிடந்துச்சு. அலைச் சத்தமே கம்மி. காக்காகூட மணல்ல இறங்கலை. எனக்கு அது பிடிக்கலை. அவனைத் தேடி மரங்கள் போச்சு.

எங்க ஜனத்துல ஒரு முறை உண்டு. போனவன் வரத் தாமதமானா, தேடப் போனவங்க திரும்பி வந்து சொல்ற வரைக்கும் வீடு வழக்கம் போல நடக்கணும். அடுப்பு எரியணும், மீன் விக்கணும், பொண்டாட்டி தலை பின்னிப் பூ வெச்சுக்கணும். வேலையை விட்டுட்டு யாராவது வாசல்ல குந்தினா, அவனை நாமளே முடிச்சுட்டோம்னு ஆயிடும். என் மருமக பூ வெச்சுக்கினா. கைக்குழந்தையை இடுப்புல இடுக்கிக்கினு குழம்பு கூட்டினா, அவன் பங்கையும் சேர்த்து.

அன்னைக்குச் சாயங்காலம் மயிலாப்பூர்க் குளத்தாண்ட இருக்கற பசங்களோட எங்க பசங்களுக்குக் கிரிக்கெட் பந்தயம். எங்க பக்கம் பந்து போடறவன் மூத்தவன்தான். பசங்க வந்து தயங்கிக்கினு நின்னாங்க.

"ஆட்டத்தைத் தள்ளி வெச்சுடலாமா பெரிம்மா?"

"எதுக்கு? யாருக்கு இன்னா ஆச்சு?"

அப்பதான் பார்த்தேன், சின்னவன் வாசல்ல குந்திக்கினு இருந்தான்.

"எழுந்திரு. அண்ணன் எடத்துல நீ போய்ப் போடு."

"நான் பந்து பொறுக்கிப் போடறவன்மா. எனக்கு இன்னா தெரியும்?"

"பொறுக்கறவனுக்குக் கை இல்லையா? இங்க மட்டும் குந்தாத."

என் மூஞ்சியைப் பார்த்தான். எழுந்து போனான்.

நான் கூடையை எடுத்துக்கினு ரோட்டோரம் வியாபாரத்துக்கு உக்காந்தேன். எதிர்ல கடல், பக்கத்துப் பொட்டல்ல ஆட்டம். கண்ணு கடல் மேல, காது ஆட்டத்து மேல.

மயிலாப்பூர்ப் பசங்களுக்கு எங்க வீட்டு விஷயம் தெரியாது. கண்ணாடி போட்ட ஒருத்தன் மட்டையை ஊனிக்கினு கேட்டான்: "ஏண்டா, உங்க பௌலர் எங்கே? இவர் சமையலுக்கு வந்தவராட்டம்னா இருக்கார்."

"அண்ணன் வந்துக்கினே கீறாரு. அதுவரைக்கும் நண்டுகிட்ட கடி வாங்கு மச்சி"ன்னான் எங்க பையன். எல்லாரும் சிரிச்சாங்க. சொன்னவன் சட்டுனு நிறுத்திட்டுக் கடலைப் பார்த்தான்.

எனக்கு அந்த ஆட்டம் அவ்வளவாத் தெரியாது. குச்சி விழுந்தா அவுட்டுன்னு தெரியும். கடைசி ஓவர்ல பந்தைச் சின்னவன் கையில கொடுத்தாங்க. இன்னும் கொஞ்சம் ரன் எடுத்தா அவங்க ஜெயிச்சுடுவாங்க. இவன் ஓடி வரலை. முகத்துவாரத்துல நிக்கற மாதிரியே நின்னான், இடுப்பைத் திருப்பினான், வலையை விரிக்கறப்போ மணிக்கட்டைச் சுண்டுவானே, அப்படிச் சுண்டினான். பந்து எங்கேயோ போற மாதிரி போய், தரையில பட்டு உள்ளே திரும்பிச்சு. குச்சி விழுந்துச்சு. அடுத்து வந்தவனுக்கும் விழுந்துச்சு. கடைசி ஆளா வந்த கண்ணாடிக்காரன் காலை முன்னால வெச்சு, பின்னால வெச்சுப் பார்த்தான். அவன் குச்சியும் போச்சு. அதோட அவங்க ஆட்டம் முடிஞ்சுது.

குப்பமே கூச்சல் போட்டுச்சு. அவனைத் தோள்ல தூக்கிக்கினாங்க.

எங்க கரையில அப்படி ஒரு கூச்சல் எழுந்தா அதுக்கு ஒரே அர்த்தம்தான், காணாமப்போன மரம் வந்துடுச்சு. வீட்டுக்குள்ள இருந்த என் மருமக ஓடி வந்தா. பொட்டலுக்கு இல்லை, தண்ணிக்கு. குழந்தை இடுப்புல குலுங்கக் குலுங்க, கையில கரண்டியோட, முட்டி நனைஞ்சும் நிக்காம உள்ளே போய்க்கினே இருந்தா. அங்க ஒண்ணுமில்லை. தட்டையாக் கிடக்குது கடல்.

தோள் மேலேருந்து சின்னவன் அதைப் பார்த்துட்டான். "எறக்குங்கடா"ன்னான். இறங்கி நேரா நடந்தான். முழங்கால், தொடை, இடுப்பு வரைக்கும் தண்ணியில போய், அண்ணியைக் கையைப் பிடிச்சுக் கரைக்குக் கூட்டிக்கினு வந்தான். அவன் உடம்பு ஆடினதை நான் பார்த்தேன். கண்ணாடிக்காரப் பையன் மட்டையைக் கீழே போட்டுட்டு நின்னான்.

பொழுது சாயறப்போ தேடப் போனவங்க வந்தாங்க. கூச்சல் போடாம வந்தாங்க. மூத்தவன் மரத்தைக் கட்டி இழுத்துக்கினு வந்திருந்தாங்க. வலை இருந்துச்சு. சோத்துத் தூக்கு திறக்காமலே இருந்துச்சு. அவன் இல்லை. கடைசி வரைக்கும் கிடைக்கலை.

அண்ணன் கடல்ல, தம்பி ஆட்டத்துலன்னு அப்புறம் பேசினவங்க உண்டு. அவங்க கிட்ட நேரா சொன்னேன், அனுப்பினது நான். இன்னைக்கும் அனுப்புவேன்.

அவன் அதுக்கப்புறம் பந்தைத் தொடலை. ஒரே ஒரு தரம் சொன்னான்: "அந்தக் கூச்சல் அண்ணன் கரை ஏறும்போது வர வேண்டியதும்மா. நான் வாங்கிக்கினேன்."

அன்னைக்கு இடுப்புல இருந்த குழந்தை இப்போ பள்ளிக்கூடத்துல பாடம் சொல்லித் தர்றா. என் பக்கத்துலதான் உக்காந்திருக்கா. எழுத்துத் தப்பை அப்புறம் பாத்துக்கலாம் கண்ணு. உன் சித்தப்பன் வாசல்ல குந்திக்கினு வலை தெச்சுக்கினு இருக்கான். இப்போ அங்க குந்தினா யாரும் ஒண்ணும் சொல்றதில்லை. அவனுக்கும் கேக்கற மாதிரி, மொதல்லேருந்து படி.