நெத்திலிக்கு இரண்டு விரல்

போன ஆடி மாதம், தாம்பரம் பக்கத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் நடந்தது இது. சொத்தைப் பல்லை அடைக்க செம்பாக்கத்திலிருந்து போயிருந்தேன். வரிசையோ நகர்வதாக இல்லை. ஒரு பல் அடைக்க ஏன் இவ்வளவு நேரம் என்று எனக்குள் குடைச்சல்.

உள்ளே நாற்காலியில் கோவளத்து மீன்காரம்மா ஒருவர். அடுத்தது நான் என்பதால் பக்கத்து பெஞ்சிலேயே உட்கார வைத்திருந்தார்கள். அவர் ஊர்ப் பக்கத்தில் பல்லைப் பிடுங்கத்தான் முடியும் என்று சொல்லிவிட்டார்களாம். அதைக் காப்பாற்றிக்கொள்ள இத்தனை தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறார். ஏன் அப்படி என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

“பழைய வெள்ளி அடைப்புல பாதரசம் இருக்குன்னு நிறுத்திட்டாங்கம்மா. அது கொஞ்சம் ஈரம் இருந்தாலும் தாங்கும், சீக்கிரம் முடியும். இந்த வெள்ளை அடைப்புல எச்சிலே படக்கூடாது. அது இறுக நீல விளக்கு வேற காட்டணும், அந்த விளக்கு எல்லா ஊர்லயும் இன்னும் வரல” என்றார், பஞ்சை மாற்றிக்கொண்டே.

அந்த நேரம் பார்த்து மீன்காரம்மாவின் மடியில் போன் அடித்தது. எடுக்கப் போனார்.

“அசையாதீங்கக்கா! ஈரம் பட்டா முதல்லேர்ந்து செய்யணும். வெளிய கூட்டத்தைப் பாருங்க, அப்புறம் இன்னைக்கு நடக்காது.”

போன் நின்று மறுபடி அடித்தது. அவர் கண் என்னைக் கெஞ்சியது. எடுத்தேன். கரையிலிருந்து அவர் தங்கை.

“அக்கா, ஏலம் வுட்டுகினு கீறாங்க. சங்கராவா, நெத்திலியா? சீக்கிரம் சொல்லு, இல்லாங்காட்டி இன்னிக்கு யாவாரமே கெடையாது!”

மீன் வாசனைக்கே தெரு மாறிப் போகிறவள் நான். “சங்கரான்னா ஒரு விரல், நெத்திலின்னா ரெண்டு” என்றேன் அவரிடம். இரண்டு விரல் எழுந்தது. “நெத்திலி!” என்று நான் கத்தியதில் அறையே சிரித்தது. டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. சிரித்து அவர் கை ஆடினால் அடைப்பு என்ன ஆவது? அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. மீன் கிடைத்ததா, இல்லையா? நீல வெளிச்சம் அணையும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

வேலை முடிந்ததும் மீன்காரம்மாவே தங்கைக்குப் போன் போட்டார். நெத்திலி கிடைத்துவிட்டது. பல்லும் தப்பியது.

“வூடு எங்கம்மா உனக்கு? நெத்திலி கொண்டாந்து தரேன்” என்றார். நான் சைவம் என்றேன்.

“அப்பறம் இன்னாத்துக்கு அம்மாஞ் சத்தமா கூவுன?” என்று, அடைத்த பல் தெரியச் சிரித்தார்.

பாதரசம் ஒழிந்தது நல்லதுதான். ஆனால், பழைய அடைப்பு மிச்சம் பிடித்துத் தந்த அந்த நேரத்தை இனி வரிசையில் நிற்பவர்களுக்கு யார் தருவார்கள் என்று, பல் தேய்க்கும்போதெல்லாம் இன்றும் யோசிக்கிறேன்.