இடது கையால் ஒரு வாய்

பக்கவாதம் வந்த பிறகு என் மனைவிக்குப் பேச்சும் நடையும் ஓரளவு திரும்பின. வலது கை மட்டும் திரும்பவில்லை. தர்மபுரியிலிருந்து வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் பெண் என்னிடம்தான் கண்டிப்பாகச் சொன்னாள்: "இடது கையில அவங்களே சாப்புடட்டுங்க சார். சிந்தும், லேட்டாவும். நீங்க கிட்ட போயிடாதீங்க."

சோறு அவள் விரல்களில் நிற்கவில்லை. கேழ்வரகுக் களி நின்றது. கிள்ளி, குழம்பில் தொட்டு, விழுங்கிவிடலாம். நான் பேப்பரை முழுக்கப் படித்து மடித்து வைக்கும்போது அவள் பாதித் தட்டில் இருப்பாள். ஆனால் தட்டு காலியாகும். கழுவக்கூட என்னை விடமாட்டாள்.

அப்போதுதான் தீர்த்தமலையில் என் அக்கா பேரனுக்குக் காதுகுத்து. பந்தியில் அவள் இடது கையை இலையில் வைத்ததும் எதிர்வரிசையில் எல்லோரும் அதையே பார்த்தார்கள். கால் கழுவவும் அவளுக்கு அந்த ஒரு கைதான் என்பது எல்லோருக்கும் தெரியும். அக்கா மகன் சிரித்துக்கொண்டே கேட்டான்: "என்னா மாமா, அத்த சோத்தாங்கைய மாத்திட்டாங்களா?"

நான் அவள் கையைப் பிடித்து மடியில் வைத்தேன்.

"வுடுங்க, நானே சாப்புட்டுக்கறேன்" என்றாள்.

"எல்லாரும் பாக்கறாங்க" என்று சொல்லி ஊட்டினேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "பொண்டாட்டிக்கு இப்டி ஊட்டறவரு எந்த வூட்டுல இருக்காரு" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

வீட்டிலும் தொடர்ந்தேன். யாராவது வந்தால் ஊட்டினேன். பிறகு யாரும் வராதபோதும் ஊட்டினேன். வேலை சீக்கிரம் முடிந்தது. முதலில் முகத்தைத் திருப்பினாள். பிறகு திருப்பவில்லை. கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் நான். பயன்படுத்தாத தசை என்ன ஆகும் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒருநாள் அவள் இடது கையில் டம்ளரைக் கொடுத்தாள். டம்ளர் சாய்ந்தது. "நல்லா வந்துட்டிருந்தாங்களே சார்" என்றாள்.

போன வாரம் இருவர் தட்டிலும் களி போட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். என் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இடது கையால் கிள்ளினேன். குழம்பு சட்டையில் வழிந்தது.

"உங்க கைக்கு என்னா வந்துச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நீயும் சாப்புடு."

தட்டைப் பார்த்தாள். இடது கை மடியிலேயே கிடந்தது. களி ஆறி மேலே தோல் கட்டியது.

"பசிக்குதுங்க" என்று சொல்லி வாயைத் திறந்தாள்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து ஊட்டினேன்.