டொக்டர் மங்களேஸ்வரியும் கொழுந்து லொறியும்

நான் வார்ட்டில் வேலையில் இருந்தபோது அம்பிட்டியவில் டொக்டரின் வீட்டிலிருந்து செய்தி வந்தது. டொக்டர் மங்களேஸ்வரி காலையில் காலமாகிவிட்டார். கண்டி ஆஸ்பத்திரியில் அவரோடு நீண்ட காலம் தாதியாக, தோட்டத்தாரின் சொல்லில் ‘மிஸ்ஸி’யாக, வேலை செய்தவள் நான். அவருடைய கருணையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அது எங்கே தொடங்கியது என்பதை நான் சொல்ல வேண்டும்.

தேயிலைத் தோட்டத்துத் தாய்மார் நோய் முற்றிய பிள்ளையோடு வந்தால் அவருக்குக் கோபம் வரும். “ஏன் இவ்வளவு பிந்திக் கொண்டு வந்தனீ?” என்று எல்லோர் முன்னாலும் ஏசுவார். நாங்களும் தலையாட்டி நிற்போம்.

எண்பத்து மூன்றின் ஆடிக் கலவரத்தில், தமிழர் வீடு என்று, டொக்டரும் நானும் இருந்த வாடகை வீட்டை எரித்தார்கள். தெரிந்த சிங்களச் சாரதி ஒருவர் எங்கள் இருவரையும் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இறக்கிவிட்டார். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பார்வதி என்ற கொழுந்து பறிக்கும் பெண் தன் அறையை எங்களுக்குத் தந்துவிட்டு வாசலில் படுத்தாள்.

மறுநாள் தேநீர் தரும்போதுதான் சொன்னாள்: “டொக்டரம்மாவுக்கு என்னைய ஞாபகமில்லீங்க. போன மழைக்கு என் மகளத் தூக்கிட்டு உங்ககிட்டதான் வந்தேன். ஏசுனீங்க. அன்னைக்கே புள்ள போயிருச்சு.”

டொக்டர் கோப்பையைக் கீழே வைத்தார். “ஏன் பிந்தினது?” என்றார், மெதுவாக.

“தோட்டத்துக்கு ஒரு லொறிதாங்க. கொழுந்த எறக்கிட்டுத்தான் ஆள ஏத்துவாங்க.”

என்னால் பார்வதியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் போன பிறகு டொக்டர் சொன்னார்: “நான் ஏசியிருக்க வேண்டியது தோட்டத்துத் துரையை, பிள்ளை. இவையை இல்லை.”

கலவரம் அடங்கியதும் டொக்டரின் உறவினர்கள் அவரை யாழ்ப்பாணத்துக்கு வரச் சொன்னார்கள். அவர் அங்கே போகாமல், தோட்டத்தை நிர்வகித்த துரையிடம் போனார். நோயாளிக்கே முதலில் லொறி என்று துரை ஒப்புக்கொள்ளும்வரை கதிரையை விட்டு எழும்பவில்லை. வேலை நாளில் மருந்தெடுக்கப் போனால் தொழிலாளருக்கு அன்றைய சம்பளம் இல்லை என்று அறிந்ததும், ஞாயிறுகளில் தோட்டத்துக்கே போய் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கி விசாரித்தார்கள். அடுத்த ஞாயிறும் போனார்.

மரண வீட்டில் பலர் அவரைத் தெய்வம் என்றார்கள். பார்வதி ஒரு மூலையில் நின்றாள். அவளைப் பக்கத்தில் இருத்தி, “அவ உங்களிட்ட மன்னிப்புக் கேட்டவவோ?” என்றேன்.

“ஒரு தடவகூடக் கேக்கலீங்க, மிஸ்ஸி. வந்துகிட்டே இருந்தாங்க.”

அன்று தலையாட்டி நின்ற நான் மன்னிப்பும் கேட்கவில்லை, தோட்டத்துக்குப் போகவும் இல்லை. டொக்டரின் வெட்கம் என்னிடம் இருக்கிறது. அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை.