கமலாக்காவின் கேள்விக்குறிகள்

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று எங்கள் கஜா பேராங் வட்டாரத்தில் எனக்கொரு பெயர் உண்டு. போன வாரத்தோடு அது போயிற்று. போனதே நல்லது.

மூன்று வீடு தள்ளி இருப்பவர் கமலாக்கா. ஒரே மகன் சேகர், வெளிநாட்டில், பெர்த்தில் வேலை பார்த்தான். அங்கேயே நோயில் இறந்து பல வருடமாகிறது. அக்காவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். அதனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினான். வாரம் தவறாமல் தமிழிலேயே இமெயில் எழுதுவான்.

போன மாதம் அக்கா ஓடி வந்தார்.

"தம்பி, மெர்டேக்காவோட அந்த இமெயில மூடப் போறாங்களாம்லா. பிள்ளையோட லெட்டரெல்லாம் அதுலதான் இருக்கு."

"இதெல்லாம் ஒரு வேலையாக்கா?" என்றேன்.

மொத்தத்தையும் என் லேப்டாப்பில் இறக்கிச் சேமித்தேன். "இனி இந்தப் பழைய பெட்டி எதுக்கு?" என்று அவருடைய கம்ப்யூட்டரைப் பழைய பேப்பர் லோரியில் ஏற்றிவிட்டதும் நானேதான்.

சேமித்ததைத் திறந்து பார்த்தேனா? இல்லை. அம்மாவுக்கு மகன் எழுதியதை அடுத்தவன் படிக்கக் கூடாதாம்... பெரிய நாகரிகம்!

எங்கள் சுதந்திர தினமான மெர்டேக்கா முடிந்தது. இமெயில் கணக்கையும் மூடிவிட்டார்கள். போன வாரம் அச்செடுக்க அக்காவோடு தெங்கேராவில் ஒரு கடைக்குப் போனேன்.

"என்னண்ணே, பக்கம் பூரா கேள்விக்குறியா வருது?" என்றார் கடைக்காரர்.

அந்த எழுத்துரு அக்காவின் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. நான் சேமித்தபோதே, அது இல்லாத என் லேப்டாப் எழுத்துகளையெல்லாம் கேள்விக்குறியாக மாற்றிவிட்டதாம். இனி மீட்க வழியே இல்லையாம்.

"எங்கயாச்சும் 'அம்மா'ன்னு இருக்கா பாரு தம்பி," என்றார் அக்கா.

தேடினேன். ஒரே ஒரு மெயில் தப்பியிருந்தது — கடைசி மெயில். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் தமிழ் இல்லாததால் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருக்கிறான். அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அம்மா, நான் நல்லா இருக்கேன். கவலப்படாதீங்க."

அது வந்த நாலாம் நாள் அவன் உடல்தான் வீட்டுக்கு வந்தது.

"அது பொய்யின்னு அன்னைக்கு ஒருத்தர் படிச்சுக் காட்டினப்பவே தெரியும்லா... பரவால்ல, குடு," என்று அக்கா அந்தத் தாளை மட்டும் வாங்கி மடித்துக்கொண்டார்.

சேகர் தன் அம்மாவிடம் ஒரே ஒரு பொய்தான் சொன்னான். அதை மட்டும் நான் பத்திரமாகக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன்.