மற்றபடி நல்ல நிலை

பழைய மிக்ஸியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரங்கநாதன் ஏலப் பட்டியலில் எழுதுகிறார்: "ஜாரின் வாயோரம் மெல்லிய விரிசல். கைப்பிடி பிற்காலத்தியது. மூடி வேறொன்றினுடையது. மற்றபடி நல்ல நிலை." ஏலக்கடை முதலாளி ஷெர்வின் தலையில் அடித்துக்கொள்கிறார். "ஓடுதா ஓடலையா, அத மட்டும் எழுதுப்பா!" அதை மட்டும் ரங்கநாதன் பார்த்திருக்க மாட்டார்.

பிரேசர் டவுனில் இருக்கும் அந்தக் கடைக்கு வருவதெல்லாம் தேக்குக் கட்டிலும் வாஷிங் மெஷினும்தான். ரங்கநாதன் படித்திருப்பதோ இங்கிலாந்து, அயர்லாந்து நாடுகளின் பீங்கான் போல மெருகிட்ட முந்நூறு வருடப் பழைய மண்பாண்டங்களைப் பற்றி. மௌரீன் என்ற ஆங்கிலோ இந்திய அம்மாள் வீட்டைக் காலி செய்தபோது அவற்றைப் பற்றிய புத்தகங்களும் வெளிநாட்டு ஏலக் கேட்டலாக்குகளும் ஏலத்துக்கு வந்தன. கேட்க ஒரு நாதி இல்லை. எடைக்குப் போட மனமில்லாமல் ரங்கநாதன் அவற்றைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் கண்டக்டரிடம் வசவு வாங்கிக்கொண்டு, ஈஜிபுரா வீட்டுக்குக் கொண்டுபோனார். அன்றைக்குப் பிடித்தது சனி. டப்ளின் நீலத் தட்டு எது, பெல்ஃபாஸ்ட் நீலத் தட்டு எது என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். தப்பென்று சொல்ல ஊரில் ஆள் இல்லாததால் இதுவரை ஒருமுறையும் தப்பியதில்லை.

இத்தனைக்கும் அவர் வீட்டில் பீங்கானில் ஓர் ஊறுகாய் ஜாடிகூடக் கிடையாது. எல்லாம் எவர்சில்வர். "ஒடஞ்சா யார் பதில் சொல்றது?" என்பார்.

அந்தக் கேட்டலாக்குகளில் அவர் மயங்கியது படத்தில் அல்ல, படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் குறைகளில். எங்கே சிராய்ப்பு, எங்கே ஒட்டு, எதையும் மறைக்காமல் போட்டிருப்பார்கள். இதுவல்லவா யோக்கியம் என்று பூரித்துப்போய், மனுஷனும் அதே வழியில் இறங்கிவிட்டார். கல்யாண மேடை ஏறி மாப்பிள்ளைக்குக் கை கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்ற அவன் அம்மாவிடமே, "முன்னாடி ரெண்டு பல்லு ஒரிஜினல் இல்ல போல" என்று சொன்ன புண்ணியவான் இவர். அந்த வீட்டு வாசலை அப்புறம் மிதிக்கவில்லை, மிதிக்க விடவில்லை.

இப்படிப்பட்டவருக்கு நாற்பத்தாறு வயதில் கல்யாண ஆசை வந்தது. "தனியா ஒக்காந்து தின்னா சோறு தொண்டையிலயே நிக்குதுக்கா" என்றார் ஒருநாள். அக்கா சரளாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கையோடு தரகர் சுந்தரேசனைப் பிடித்தாள். ஜாதகத்தோடு பையனைப் பற்றி நாலு வரி வேண்டும் என்றார் தரகர். பையனே எழுதிக் கொடுத்தார்: "முன்தலையில் மெருகு முழுவதும் போய்விட்டது. கடைவாய்ப் பற்கள் இரண்டு பிற்காலத்தவை. இடது முழங்காலில் பழைய பழுது. படி ஏறினால் சத்தம் வரும். மற்றபடி வயதுக்கேற்ற நல்ல நிலை." தரகர் படித்துப் பார்க்காமல் அப்படியே வாட்ஸ்அப்பில் விட்டார். வரவிருந்த வரன்களெல்லாம் பின்னங்கால் பிடரியில் பட ஓடின.

"ஆயித்து, இந்த வருஷமும் போச்சு! ஏண்டா, உன்னையே ஏலத்துல விட்டுட்டியா?"

"மறைச்சு வித்தா நாளைக்குத் திருப்பி அனுப்பிருவாங்கக்கா."

ஓடாமல் நின்றது ஒரே ஒருத்தி. ஆனேக்கல்லில் டீச்சராக இருக்கும் சொர்ணம். முதல் கல்யாணம் முறிந்தவள். "அந்த ஆளப் பத்தி ஒசத்தியாத்தான் சொன்னாங்க. உள்ள பூரா ஓட்ட. இவராவது முன்னாடியே சொல்றாரே, வரச் சொல்லுங்க" என்றாளாம். ஆனேக்கல் போகும் பஸ் முழுக்க சரளா தம்பியின் காதிலேயே ஓதினாள். "வந்திருக்கிறது இது ஒண்ணுதான். அங்க போய் எதையாச்சும் ஒளறினே, கொன்னுருவேன்."

சொர்ணம் பீங்கான் கப்புகளில் காப்பி கொண்டுவந்து வைத்தாள். தனக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"உங்க கொறைய எல்லாம் எழுதிட்டீங்க. இப்ப என்னப் பாத்து நாலு கொற சொல்லுங்க, கேப்போம்."

போச்சுடா! சரளா குலதெய்வத்தைக் கூப்பிட்டாள். ரங்கநாதன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். காதோர நரை தெரிந்தது. மணிக்கட்டில் பழைய தீக்காயத் தழும்பு தெரிந்தது. அவள் தன் பக்கமாகத் திருப்பி வைத்திருந்த கப்பின் விளிம்பில், நகமளவு உடைந்துபோயிருந்த இடமும் தெரிந்தது. விருந்தாளிகளுக்கு நல்லதைக் கொடுத்துவிட்டு அதைத் தனக்கு எடுத்து வைத்திருக்கிறாள். அவர் வாய் திறந்தது. சரளா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கப்பு நகரும் சத்தம்தான் கேட்டது. கண்ணைத் திறந்து பார்த்தாள். ரங்கநாதன் தன் கப்பைச் சொர்ணத்தின் பக்கம் நகர்த்திவிட்டு, அவளுடையதை இரண்டு கையாலும் எடுத்து, உடைந்த இடத்திலேயே உதட்டை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.